பானைத் தண்ணீர் குளிராத காடு

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பரம்பிக்குளத்துக்கு மூட்டை கட்டிய கதை

சித்திரை மாதத்தில் எங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வந்தால் வெயில் 38, 39 டிகிரியில் மண்டையைப் பிளக்கும். ஆனால், வேப்பமரத்தடியில் மணலைக் குவித்து வைத்திருக்கும் பானையில் ஒரு சொம்பு மொண்டு குடித்தால் நெஞ்சு வரைக்கும் சில்லென்று இறங்கும். வெயில் ஏற ஏறப் பானைத் தண்ணீர் குளிரும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதால், உலகத்தில் எல்லா ஊரிலும் பானை இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படி இல்லை என்று பரம்பிக்குளத்தில் தெரிந்துகொண்டோம். தெரிந்துகொள்வதற்குள் என் சித்தப்பாவின் கால்விரல் ஒன்று போயிருக்கும். நல்லவேளை, போகவில்லை. காடு பார்க்கக் கிளம்பும் மற்ற விவசாயக் குடும்பங்கள் அதே தவறைச் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேக்கு பார்க்கப் போன கூட்டம்

எங்கள் குழுவில் 14 பேர். எல்லோரும் ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர்க்காரர்கள். மஞ்சள், மரவள்ளி, தண்ணீர் இருந்தால் நெல். பாதிப்பேர் வரப்பில் தேக்கு வைத்திருக்கிறோம். 12 வருடமாகியும் தொடை கனம்தான் வந்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் புலம்புவோம். ‘பரம்பிக்குளத்தில் ஒரு தேக்கு இருக்கிறதாம், நாலைந்து பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியுமாம்’ என்று ஒரு மச்சான் சொல்ல, அதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பியதுதான் இந்தப் பயணம்.

போன வருடம் புரட்டாசிக் கடைசி. மஞ்சளுக்கு மண் அணைத்து முடித்திருந்தோம். இரவு 9 மணிக்கு வேன் ஏறி, மஞ்சவாடிக் கணவாய் தாண்டி, சேலம், ஈரோடு, திருப்பூர், பல்லடம் வழியாகப் பொள்ளாச்சி. அங்கிருந்து சேத்துமடை. சேத்துமடை தாண்டினால் மலை ஏற்றம், மேலே டாப்சிலிப். அந்தக் காலத்தில் வெட்டிய மரங்களை அந்த மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டி விடுவார்களாம், அதனால் அந்தப் பெயர். டாப்சிலிப் நம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் இருக்கிறது. அதைத் தாண்டியதும் கேரளாவின் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். கேரளக் காடுதான், ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் போக வேண்டும்.

அந்தக் காட்டுக்கும் நமக்கும் வேறொரு உறவும் உண்டு. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருந்தாலும், பராமரிப்பது தமிழ்நாடு. அங்கே தேங்கும் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக சர்க்கார்பதிக்கு இறங்கி, கால்வாயில் திருமூர்த்தி அணைக்குப் போய், உடுமலை, பல்லடம் பக்கத்துக் காடுகழனிகளுக்குப் பாய்கிறது. எங்களுக்கு ஏற்காட்டு மலையில் மழை பெய்தால் வாணியாறு அணை நிறைகிற மாதிரி. மலையில் மரம் நின்றால்தான் கீழே மடை ஓடும் என்பது எங்களுக்குப் புதிது இல்லை.

நாங்கள் கட்டிய மூட்டை

வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டிலை விட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். அதனால் புத்திசாலித்தனமாக ஒரு மண்பானையைச் சாக்குச் சுற்றி வேனில் ஏற்றினோம். மற்றபடி ஆளுக்கு இரண்டு வேட்டி, ஒரு லுங்கி, கதர்ச்சட்டை, தடித்த பருத்தித் துண்டு. சிலர் ஜீன்ஸ் பேன்ட். காலுக்கு ரப்பர் செருப்பு. சாப்பாட்டுக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும். சித்தப்பாவுக்கு வயது 63, சர்க்கரை இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, ஒரு காகிதத்தில் மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ‘வெயிலுக்குப் பருத்திதான்டா நல்லது, நாம பார்க்காத வெயிலா?’ என்றார். நானும் தலையாட்டினேன்.

பரம்பிக்குளத்தில் அன்றைக்கு 30 டிகிரியைக்கூடத் தாண்டியிருக்காது. எங்கள் ஊர்ச் சித்திரையோடு பார்த்தால் அது ஒரு வெயிலே இல்லை. ஆனால், முந்தின நாள் மழை பெய்து, காலையில் வெயில் அடித்து, தரையிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. நெல் அவிக்கிற அண்டாவைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்தக் காற்று. பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் வரைக்கும் காயவே இல்லை. இரவு கயிறு கட்டி உலர்த்திய வேட்டி, காலையில் எடுத்தால் தொங்கவிட்டபோது இருந்த அதே ஈரம். பானைத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ‘பானை வாங்கினவன் ஏமாந்துட்டான்’ என்று எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள்.

பானை மேல் குற்றம் இல்லை. பானையின் மேல் கசியும் ஈரம் காற்றில் ஆவியாகப் போகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. எங்கள் ஊர்க் காற்று காய்ந்த காற்று, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். காட்டில் இருப்பது ஏற்கெனவே ஈரம் குடித்து நிறைந்த காற்று. அதற்கு மேல் அது வாங்காது. நம் உடம்பும் ஒரு பானைதான். வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். வழிந்து சொட்டும் வியர்வை உடம்பிலிருக்கிற உப்பையும் தண்ணீரையும் கொண்டுபோகுமே தவிர, சூட்டைக் கொண்டுபோகாது. அதனால்தான் 39 டிகிரியில் களை எடுக்கிற ஆள், 30 டிகிரிக் காட்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறான்.

சித்தப்பா உட்கார்ந்த இடம்

இரண்டாம் நாள் காலை 7 மணிக்கு வனத்துறை வண்டியில் சவாரி. காட்டுமாடு ஒரு கூட்டமே சாலையோரம் நின்று மேய்ந்தது. புள்ளிமான், மலை அணில், தூரத்தில் குட்டியோடு இரண்டு யானை. வழிகாட்டியாக வந்தது காட்டுக்குள்ளேயே இருக்கும் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு தம்பி. மலையாளம் கலந்த தமிழில் அழகாக எல்லாவற்றையும் விளக்கினார்.

சித்தப்பா காலையில் மாத்திரை போட்டார். ஆனால், நேரமாகிவிட்டது என்று இரண்டே இரண்டு இட்லி. தண்ணீர் குடிக்கவே இல்லை. ‘தண்ணி குடிங்க சித்தப்பா’ என்றால், ‘போடா, காட்டுக்குள்ள வண்டிய எங்க நிறுத்துவான்? புலி வந்து நிக்கும்போது நான் ஒதுங்குறதா?’ என்றார். எல்லோரும் சிரித்தோம். பெரியவர்களும் பெண்களும் பயணத்தில் தண்ணீரைக் குறைப்பது பெரும்பாலும் இந்தக் கவலையால்தான். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

சவாரி முடிந்து, அந்தத் தம்பியோடு ஒரு சின்ன நடை. ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. பாதி வழியில் சித்தப்பா பேச்சை நிறுத்தினார். திரும்பிப் பார்த்தால் முகம் வெளுத்து, கை சில்லிட்டு, வியர்த்து ஊற்றியது. ‘கண்ணு இருட்டுதுடா’ என்று அப்படியே ஒரு வேர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் எல்லோரும் சுற்றிக்கொண்டோம். வழிகாட்டித் தம்பி முதலில் எங்களை விலகச் சொன்னார். ‘காத்து வரட்டும் ஐயா’ என்று சட்டைப் பித்தானைக் கழற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, தன் தொப்பியால் விடாமல் விசிறினார். உடம்பை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விசிறி விலக்கினால்தான் கொஞ்சமாவது சூடு இறங்கும் என்று பிறகு விளக்கினார். ஒருவர் பையிலிருந்து கடலை மிட்டாய் வந்தது. தம்பியிடம் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இருந்தது. அதைக் கலக்கி வாய் வாயாகக் கொடுத்தோம். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையா என்று ஒருவர் தயங்கினார். மாத்திரை போட்டுவிட்டு வயிற்றைக் காயப்போட்டவருக்குத் தலை சுற்றினால் இனிப்புத்தான் முதலில் தர வேண்டும் என்று பிறகு மருத்துவரும் சொன்னார். இருபது நிமிடத்தில் சித்தப்பா, ‘என்னடா எல்லாரும் சாவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க’ என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வேளை மாத்திரை போடலாம் என்று சட்டைப் பையைப் பார்த்தால், காகிதம் வியர்வையில் ஊறி, சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கரைந்து ஒரே உருண்டையாகியிருந்தது. அன்றைக்கும் மறுநாளும் மாத்திரை இல்லாமலேயே ஊர் வந்து சேர்ந்தார்.

விரலிடுக்கில் ஒரு கடி

அன்று இரவு கால் கழுவும்போதுதான் பார்த்தோம். ரப்பர் செருப்போடு நடந்த சித்தப்பாவின் காலில் அட்டை மூன்று இடத்தில் கடித்திருந்தது. ஒன்று சுண்டுவிரல் இடுக்கில். அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை நாள்பட்டவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால், அட்டை விழுந்த பிறகும் வெகுநேரம் ரத்தம் கசிந்தது. அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது அதற்குப் பிறகு செய்தவற்றுக்கு. இரவெல்லாம் அரிப்பில் சொறிந்தார். ஊருக்கு வந்த மறுநாளே வெறுங்காலோடு மஞ்சள் காட்டுச் சேற்றில் இறங்கினார். ஆறாம் நாள் விரல் வீங்கியது. ‘சுண்ணாம்பு வச்சா சரியாயிடும்’ என்று வைத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் காய்ச்சலோடு தர்மபுரிக்கு அழைத்துக்கொண்டு போனோம். ‘இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்போம்’ என்றார் மருத்துவர். மூன்று வாரம் படுக்கை. அவருடைய வயலுக்கு நான்தான் தண்ணீர் கட்டினேன்.

சித்தி ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ‘கூட்டிக்கிட்டுப் போனவன் நீதானே’ என்ற ஒரே வார்த்தைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டாவது மூட்டை

இந்த வருடம் மறுபடி போனோம். இந்த முறை மூட்டை கட்டியது சித்தி. அவரே கூட வரவும் செய்தார். மஞ்சள் வேக வைத்துக் களத்தில் பத்துப் பதினைந்து நாள் காயவைக்கிற குடும்பத்துக்கு, ஈரம் எப்படிப் பொருளைக் கெடுக்கும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ‘காயாத ஊருக்குப் போறோம்னு நெனச்சு எடுத்து வை’ என்றார் சித்தி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் எடுத்து வைத்தவை இவை:

நனைகிற உடுப்பு, காய்ந்த உடுப்பு: பகலில் போடுவதற்கு ஒரு ஜோடி, இரவில் படுப்பதற்கு ஒரு ஜோடி. பகல் ஜோடி நனையத்தான் போகிறது. மறுநாளும் அதே ஈரத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும், கூச்சப்படக் கூடாது. இரவு ஜோடியை எக்காரணம் கொண்டும் வெளியே போடக் கூடாது. அது காய்ந்தே இருந்தால்தான் தூக்கம் வரும். இரண்டையும் கலந்தால் இரண்டாம் நாளே உங்களிடம் காய்ந்த துணி இருக்காது.

துணி: எங்கள் ஊருக்குப் பருத்தி நல்லதுதான். மழைக்காட்டில் தடித்த பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகும். தொடை இடுக்கில் உரசிப் புண்ணாகும், படர்தாமரை வரும். ஜீன்ஸ் அதைவிட மோசம். விளையாட்டுக்குப் போடும் மெல்லிய டிராக் பேன்ட், தொளதொள முழுக்கைச் சட்டை போதும். பெண்களுக்குச் சுடிதார் வசதி. பச்சை, பழுப்பு, சாம்பல் நிறமாக இருக்கட்டும். வெள்ளையும் சிவப்பும் காட்டில் தூரத்திலேயே தெரியும். தடித்த துண்டுக்குப் பதில் மெல்லிய ஈரிழைத் துண்டு எடுத்தால் பிழிந்ததும் பாதி காய்ந்துவிடும்.

கால்: ரப்பர் செருப்பு வேண்டாம். தோல் செருப்பும் வேண்டாம், பூஞ்சணம் பூக்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போடும் கேன்வாஸ் ஷூ மாதிரி, விரலை மூடியது நல்லது. அட்டைக்குச் சித்தி ஒரு வழி செய்தார். நெருக்கமாக நெய்த காடாத்துணியில் முழங்கால் வரைக்கும் உறை தைத்து, மேலே நாடா வைத்தார். பேன்ட்டை உள்ளே விட்டு, உறையை இழுத்துக் கட்டி, அதற்கு மேல் ஷூ. இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டுக்கும் மலேசியாவின் காடுகளுக்கும் போகிறவர்கள் போடும் அட்டை உறையும் இதே மாதிரிதான். ஒரு மீட்டர் துணியும் ஒரு மணி நேரத் தையலும் போதும். வெளிர் நிறமாக இருந்தால் அட்டை ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

மருந்து: மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்கவே கூடாது. போகிற நாளைவிட மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுங்கள். மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, கூடவே வறுத்து ஆறவைத்த அரிசியை ஒரு துணியில் முடிந்து போட்டோம். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். செல்போனுக்கும் தீப்பெட்டிக்கும் இதே டப்பாதான். பாதி மாத்திரை ஒருவர் பையிலும் பாதி இன்னொருவர் பையிலும் இருந்தால் ஒன்று நனைந்தாலும் மற்றது உதவும். காயத்துக்குப் போடும் களிம்பு, பஞ்சு, கட்டுத்துணியும் இருக்கட்டும்.

தண்ணீர்: ஆளுக்கு ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆளுக்கு இரண்டு. கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தேக்கரண்டியைத் தலைதட்டி 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. உப்பு கூடக் கூடாது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல், அரை மணிக்கு ஒரு தடவை நாலு வாய். வண்டி ஏறுவதற்கு முன்னாலேயே கழிப்பறை எங்கே, எத்தனை மணி நேரச் சவாரி என்று வெளிப்படையாகக் கேட்டோம். கேட்டுவிட்டதால் சித்தப்பாவும் பெண்களும் கவலையில்லாமல் தண்ணீர் குடித்தார்கள்.

சாப்பாடு: தயிர்ச்சோறு அந்தக் காற்றில் சீக்கிரம் புளித்துவிடும். புளிச்சோறு ஒரு வேளைக்குத் தாங்கும். கடலை மிட்டாய், பொட்டுக்கடலை, பேரீச்சை ஆகியவை டப்பாவில் இருந்தால் பசிக்கும் உதவும், மயக்கத்துக்கும் உதவும். சவாரி நடுவில் தின்னக் கூடாது, குரங்குக்குப் போடவும் கூடாது.

மழைக்கு: ரெக்சின் கோட்டு போட்டால் மழை வெளியே, வியர்வை உள்ளே, இரண்டாலும் நனைவோம். மேலே போர்த்துகிற தொளதொள மழைப்போர்வை பரவாயில்லை. குடையை நடைக்கு எடுக்க வேண்டாம் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார்.

வீட்டிலேயே விட்டுப் போனவையும் உண்டு: அத்தர், மல்லிகைப்பூ, பாட்டுப் பெட்டி, பிளாஸ்டிக் கவர், பீடி, அந்தப் பானை.

கன்னிமாரா

முதல் தடவை சித்தப்பா மயங்கிய அமளியில் எதைப் பார்க்கப் போனோமோ அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. இந்த முறை பார்த்தோம். தூணக்கடவுப் பக்கம் நிற்கிறது கன்னிமாராத் தேக்கு. சுற்றளவு 7 மீட்டர், உயரம் ஏறக்குறைய 40 மீட்டர். வயது 450 இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். முன்பு ஒரு காலத்தில் இதை வெட்டக் கோடாரி போட்டபோது ரத்தம் பீறிட்டதாகவும், அதனால் பழங்குடி மக்கள் கன்னித்தெய்வமாக வணங்குவதாகவும் கதை.

சுற்றிலும் நின்ற பெருமரங்கள் என்ன ஆயின என்று கேட்டேன். இந்தக் காட்டு மரத்தை இறக்குவதற்கென்றே கொச்சி சமஸ்தானம் சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரை காட்டுக்குள் டிராம் பாதை போட்டது. 1907-ல் ஓடத் தொடங்கி 1963 வரை ஓடியது. தமிழ்நாட்டுப் பக்கமும் கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் என்று வெட்டித் தீர்த்தார்கள். டாப்சிலிப்பில் காட்டைத் திரும்பக் கொண்டுவந்தவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. வேரோடு பிடுங்காமல் தரையளவில் வெட்டி, அடிக்கட்டையிலிருந்து துளிர்க்க விட்டார். கைத்தடியால் மண்ணில் குத்தித் தேக்கு விதை போட்டுக்கொண்டே நடப்பாராம். 1933-ல் இறந்த அவருடைய சமாதி தேக்கு மரங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. வரப்புத் தேக்கு 12 வருடத்தில் பெருக்கவில்லை என்று புலம்பிய நாங்கள் அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை.

சித்தப்பா காடாத்துணி உறையோடு மரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, சித்தி ஷூவைக் கழற்றி விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தார். உறைமேல் நாலு அட்டை, தோலில் ஒன்றும் இல்லை. ‘எங்க வரப்பு மரம் இந்த அளவு வர இன்னும் 438 வருசம் இருக்கு’ என்று கணக்குப் போட்டார் சித்தப்பா. ‘அதுவரைக்கும் தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க’ என்றார் சித்தி.

ஊரில் எங்களைக் கேட்ட கேள்விகள்

கேள்வி: அட்டை ஒட்டிக்கொண்டால் உப்புப் போடலாமா? நெருப்பு வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். உப்பு, நெருப்பு பட்டால் அட்டை தன் வயிற்றில் இருப்பதைக் கடிவாய்க்குள் கக்கும் வாய்ப்பு உண்டு. பிடித்து இழுத்தாலும் புண்ணாகும். ஒல்லியான முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தை வைத்துத் தோலோடு தள்ளினால் விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, அழுத்திப் பிடித்துக் கட்டுப் போடுங்கள். சொறியாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: என் அம்மா இன்சுலின் போடுகிறார். வீட்டில் மண்பானைக்குள் வைத்துப் பாதுகாக்கிறோம். காட்டுக்கும் அப்படியே எடுத்துப் போகலாமா?

பானை குளிராத ஊரில் பானையை நம்ப முடியாது. வாய் அகன்ற பிளாஸ்க்கில் குளிர்ந்த நீர் நனைத்த துணியைப் போட்டு, மருந்தைத் தனி டப்பாவில் வைத்து உள்ளே இறக்குங்கள். பனிக்கட்டி நேராக மருந்தில் படக் கூடாது, உறைந்த இன்சுலின் பயன்படாது. வெயிலில் நிறுத்திய வேனுக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். தங்கும் இடத்தில் குளிர்பெட்டி இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

கேள்வி: திரும்பி வந்த பிறகு கவனிக்க வேண்டியது என்ன?

வந்த அன்றே துணிகளை வெந்நீரில் அலசி, எங்கள் ஊர் வெயிலில் காயப்போடுங்கள். குளிக்கும்போது அக்குள், தொடை இடுக்கு, காது மடல், தலைமுடி எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பில் எங்காவது கருகிய பொருக்கு மாதிரிப் புண் வந்தால் காலம் கடத்தாதீர்கள். ‘காட்டுக்குப் போய் வந்தேன்’ என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். உண்ணிக்காய்ச்சல், எலிக்காய்ச்சல், மலேரியா எதுவாக இருந்தாலும் அந்த ஒரு தகவல் இருந்தால் அவர் சீக்கிரம் கண்டுபிடிப்பார்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்?

கோடையில் காட்டுத்தீ பயத்தால் டாப்சிலிப்பை மூடுவது உண்டு. பெருமழைக் காலத்திலும் சவாரி நிற்கலாம். எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு மஞ்சளுக்கு மண் அணைத்த பிறகு, அறுவடைக்கு முன்னால் கிடைக்கும் இடைவெளிதான் தோது. தேதி குறிக்கும் முன் வனத்துறையிடம் கேட்டு, சவாரியும் தங்குமிடமும் உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் காடாத்துணியை இப்போதே வாங்கித் தைக்கக் கொடுத்துவிடுங்கள்.